சாக்கடை சாருக்கு ஒரு பாட்டில் தண்ணீர்

தஞ்சாவூரில் எங்கள் தெருச் சாக்கடையை எட்டிப் பார்த்து, மனம் நிறைந்து "ஆஹா!" என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் மாடியில் குடியிருந்த சாக்கடை சார்தான். கல்லூரி ஒன்றில் கிருமி ஆராய்ச்சி. நல்ல பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரே அதை மறந்துவிட்டார்.

வந்த மூன்றாம் நாளே என் மனைவி கலாவிடம், "உங்க வீட்டுச் சாக்கடை மாதிரி வளமான சாக்கடை இந்த ஊர்லயே கிடையாதுங்க" என்று பாராட்டினார். கலா ஒரு வாரம் பேசவில்லை. அவரிடம் அல்ல, மாடியை வாடகைக்கு விட்ட என்னிடம்.

"பாக்டீரியாவைக் கொல்ற வைரஸ் இருக்குங்க. பேஜ்னு பேரு. மனுசனையோ பயிரையோ தொடாது. தனக்கு வேண்டிய பாக்டீரியாவை மட்டும் தேடிப் பிடிச்சு உடைக்கும். நோய் எங்க இருக்கோ அங்கதான் அதுவும் இருக்கும்" என்பார். ஆறாத புண்ணுக்கும் அதுதான் மருந்து, கெட்டுப்போகும் கோழிக்கறிக்கும் அதுதான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இதை விளக்கி, அவரைப் பாயசத்துக்கு முன்பே எழவைத்தவர்.

ஒருமுறை அவருடைய ஃப்ரிட்ஜ் ரிப்பேர். நாலு பாட்டில் சாக்கடைத் தண்ணீரை எங்கள் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டார். "தயிருக்குப் பக்கத்துலயா?" என்று கலா போட்ட சத்தத்தில் மாடி ஏறியவர், இரண்டு நாள் கீழே இறங்கவில்லை.

அப்போதுதான் குத்தாலத்தில் கலாவின் தம்பி செல்வத்தின் சம்பாப் பயிரில் இலைக்கருகல் வந்தது. நுனியிலிருந்து வைக்கோலாகக் காய்ந்துகொண்டே போனது. அந்த இரண்டு ஏக்கர்தான் அவன் குடும்பத்துக்கு வருஷச் சோறு. கலா கௌரவம் பார்க்காமல் மாடியேறினாள்.

"பாக்டீரியா வேலைதாங்க. வயல்ல இருக்குறதுலயே மோசமான இடத்துத் தண்ணி வேணும்" என்றார் சார்.

செல்வம் பாட்டிலோடு ஓடிவந்தான். சார் பத்து நாள் ஆய்வகத்திலேயே கிடந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் சாக்கடையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கலாவுக்கே பயமாகிவிட்டது. அதற்குள் பாதி வயல் போயிருந்தது. செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"எங்கேர்ந்துடா தண்ணி எடுத்த?"

"மோட்டார் தண்ணிதான் மாமா. அவ்வளவு படிச்சவரு கேக்குறாரு, நோய்த் தண்ணியவா குடுக்குறது? வடிகட்டித்தான் குடுத்தேன்."

மறுநாள் சாரே எங்களோடு குத்தாலம் வந்தார். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வயலின் மிக மோசமான மூலையில் இறங்கி, "ஆஹா!" என்றார். அந்தச் சேற்றில் பேஜ் கிடைத்தது. அதை ஆய்வகத்தில் பெருக்கி எடுத்துவந்து, வெயில் பட்டால் செத்துவிடும் என்று பொழுது சாயக் காத்திருந்து தெளித்தார். காய்ந்தது காய்ந்ததுதான், பச்சையாக நின்றதைக் கருகல் தொடவில்லை. "இதுக்கே துள்ளக் கூடாதுங்க, இன்னும் நாலு வயல்ல பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, வரப்பில் அவர்தான் துள்ளினார்.

சார் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய் ஒரு வருஷமாகிறது. இந்தப் பொங்கலுக்குச் செல்வம் புது அரிசியோடு ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரும் கொண்டுவந்தான். "இந்த வருஷம் நோயே கம்மிக்கா. தேடித் தேடி, இருக்குறதுலயே மோசமான மூலையில எடுத்தேன். சாருக்கு."

கலா ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிரைக் கொஞ்சம் தள்ளி வைத்து, பாட்டிலுக்கு இடம் பண்ணினாள். சார், சீக்கிரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாமல் எங்கள் சாக்கடைக்கும் எங்களுக்கும் நன்றாகவே இல்லை.