குளம் தாண்டாத பந்து

உலகத்திலேயே கோல்ஃப் பற்றி மிக அதிகம் தெரிந்த மனிதர் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். ஆடத்தான் வராது.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரே அவரைக் ‘குழிப்பந்து அண்ணாச்சி’ என்றுதான் சொல்லும். துபாயில் வேலை பார்த்தபோது முதலாளியோடு ஆடிப் பழகியவர். ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் இருந்த விளையில் வாழையை வெட்டிவிட்டுப் புல் வளர்த்தார். நடுவில் ஒரு குளம். அக்கரையில் குழியும் கொடியும்.

அடிக்கிற பந்தெல்லாம் குளத்துக்குள் போகும். வருஷக்கணக்காகப் போயிற்று.

“இதுக்குப் பேரு பிளேட்டோ, ஓய்” என்பார் என்னிடம். “பெரிய ஆட்டக்காரனுக்கெல்லாம் வரும். பீடபூமி மாதிரி ஒரு மட்டத்துல அப்படியே நின்னுபோவும்.”

அவர்களெல்லாம் முதலில் மேலே ஏறிவிட்டுத்தான் நிற்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருக்க வேண்டும் அல்லவா?

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் முழங்காலை மடக்கச் சொன்னார். ஒரு கொரியாக்காரி முழங்கையை மடக்காதே என்றாள். இன்னொருவர் மூச்சை அடக்கச் சொன்னார். அண்ணாச்சி மூன்று பேரையும் ஒரே அடியில் கௌரவித்தார். ஆராதனை நேரத்தில் தேள் கொட்டியும் கத்த முடியாமல் நிற்பவரைப் போல இருந்தது. பிறகு வர்ம ஆசானிடம் போய்த் தோளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வந்தார். அன்று முதன்முறையாகக் குளத்தை ஒன்று தாண்டியது. மட்டை.

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்குப் பொறுமை தீர்ந்தது.

“கிறிஸ்துமஸுக்குள்ள பந்து அக்கரை போவணும். இல்லேன்னா விளையில ஏத்தன் வாழை வைப்பேன். ஏத்தனுக்குப் பிளேட்டும் கிடையாது, கிண்ணமும் கிடையாது. அது பாட்டுக்கு வளரும்.”

அண்ணாச்சி பேச்சைக் குறைத்துவிட்டார். ஒரு நாள் குளத்தங்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன்.

“துபாயில எனக்க பேரு ஒருத்தனுக்கும் தெரியாது, ஓய். கையில மட்டை இருக்கச்சில மட்டும் முதலாளி பேரு சொல்லி விளிப்பான்” என்றார்.

கேலி செய்ய வந்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முழங்கால், முழங்கை, மூச்சு, எல்லாவற்றையும் சரிபார்த்து மட்டையை ஓங்கினார். அடுக்களை வாசலிலிருந்து அக்கா கேட்டாள்.

“கேட்டியளா, கேக்குக்கு முட்டை வாங்கச் சொன்னேனே?”

“ஏட்டி, மனுசனை ஒரு அடி அடிக்க விடமாட்டியா” என்று சொல்லிக்கொண்டே வீசிவிட்டார். மூன்று குருமார்களின் உபதேசமும் அந்த எரிச்சலில் பறந்துபோனது. பந்தும்தான். குளம், கொடி, மதில் எல்லாவற்றையும் தாண்டி என் பைக்கின் கண்ணாடியில் வந்து இறங்கியது.

மூச்சிரைக்க ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன்.

“குளம் தாண்டிச்சு, கண்டீரா?”

“கண்டேன், அண்ணாச்சி. பைக்கும் கண்டது.”

அதற்குப் பிறகு மட்டையைத் தூக்கும்போதெல்லாம், “ஏட்டி, எதையாவது கேளு” என்பார். அக்காவும் தேங்காய், கேஸ், கரண்டு பில் என்று வரிசையாகக் கேட்பாள். பாதிப் பந்து அக்கரை போய்விடும். ஏத்தன் பேச்சையே அக்கா எடுக்கவில்லை.

இப்போது இரண்டு பேரும் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். சாயங்காலமானால் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு அமைதி வேண்டுமென்று நான் யாரிடமும் கேட்கவில்லை.