மாமனாருக்கு அடித்த நன்றி பேனர்

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நன்றி கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உதவி செய்தவர் வீட்டு விசேஷத்தில் முதல் ஆளாக நின்று பந்தி பரிமாறுவார்கள், கிடாயை அறுத்துச் சோறு போடுவார்கள். வாயால் மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். இது தெரிந்தே வளர்ந்த நான், ஒரு வீடியோவை நம்பி, என் கொழுந்தியாள் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

அருப்புக்கோட்டையில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். அந்த வருடம் என் மூளை வறண்டு போயிருந்தது (கண்மாயே வறண்டு கிடக்கும்போது மூளை என்ன பெரிய மூளை). எதை எடுத்தாலும் அதே ரோஜா இதழ், அதே பொன்னிற எழுத்து, அதே சிங்கம். ஒரு காதுகுத்து பேனரில் குழந்தைக்குப் பின்னால் சிங்கம் உறுமுவதைப் பார்த்து, "இது எதுக்குண்ணே?" என்று குழந்தையின் அப்பாவே கேட்டுவிட்டார்.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. தினமும் யாருக்காவது மனதார நன்றி சொல்லுங்கள், மனம் மகிழும், மகிழ்ந்த மனதில் கற்பனை ஊறும் என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். மறுநாள் காலையில் என் மனைவி செல்வி காப்பி கொடுத்தாள்.

"இந்தக் காப்பிக்கு ரொம்ப நன்றி செல்வி."

அவள் டம்ளரைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். "ஏங்க, பாலு திரிஞ்சிருச்சா?"

"இல்ல, மனசாரச் சொல்றேன்."

என் நெற்றியில் கை வைத்தாள். "ஆஸ்பத்திரிக்கு எதுவும் போயிட்டு வந்தீகளா? எங்கிட்ட மறைக்காதீக."

கேலியை விடுங்கள், எனக்கு நிஜமாகவே மனசு லேசானது. நன்றி சொல்ல ஆள் தேடத் தேட, யார் யார் எனக்கு என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நின்றவர் என் மாமனார். பாளையம்பட்டியில் பருத்தியும் ஆடுகளுமாக இருப்பவர். கடைக்குப் பிரிண்டிங் மெஷின் வந்த அன்று இறக்க ஆள் கிடைக்கவில்லை. அவர்தான் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் புகுந்தார். அதற்கப்புறம் வெகுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காரணம் கேட்டால், "படுத்த வாக்கு சரியில்ல மாப்ள" என்பார்.

அவருக்கு ஒரு பேனர் அடித்தால் என்ன என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் கலாவைப் பெண் பார்க்கப் பாலவனத்தத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். இதற்குமுன் வந்த இடமெல்லாம் காப்பியோடு சரி, பதில் சொல்லவில்லை. இந்த மாப்பிள்ளையைக் கலாவுக்குப் பிடித்திருந்தது. போட்டோவை அவள் பார்த்த பார்வையிலேயே வீட்டுக்கு விளங்கிவிட்டது. இதாவது அமைய வேண்டுமே என்று எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் வரும் வழியில் மாமனாரின் பெருமை தெரியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் அன்று விடிகாலையில் பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் பேனரைக் கட்டினேன்.

உயிரோடு இருப்பவர் பேனரில் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு வரைமுறை உண்டு. காதில் போன், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, விறுவிறுவென்று நடந்து வருகிற தோரணை, கீழே வரிசையாகச் சொந்தக்காரர் தலைகள். எனக்குத்தான் புதுக் கற்பனை ஊறிவிட்டதே. அத்தனையையும் எடுத்துவிட்டேன். வெள்ளைப் பின்னணியில் அவர் முகம் மட்டும், அதுவும் கறுப்பு வெள்ளையில். ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு (வீட்டுக்கு ஒளி தந்தவராம்). அடியில் இப்படி எழுதினேன்: 'எங்களுக்குத் தோள் கொடுத்த மாமா, உங்களை என்றும் மறக்க மாட்டோம். நன்றியுடன், மகள், மருமகன்.' தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள், பேனரைப் பார்த்தார்கள். போன் போட்டு 'செத்துட்டீகளா' என்று யாரிடம் கேட்பது? சொல்லி வைத்த நாளாயிற்றே, இழவு வீட்டில் கேதம் விசாரித்துவிட்டாவது போவோம் என்று அருப்புக்கோட்டைக்கே திரும்பி ஒரு மாலை வாங்கினார்கள். பெண்கள் தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டார்கள். பழத்தட்டு வேனிலேயே இருந்துவிட்டது.

மாமனார் அந்த நேரம் பார்த்து, அவிழ்த்துக்கொண்டு ஓடிய ஆட்டைப் பிடிக்கக் கொல்லைக்குப் போயிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா வேனை விட்டு இறங்கி, "மதினீ" என்று என் மாமியாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். கட்டிப்பிடித்து அழுகிறவரிடம் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முதலில் கூட அழ வேண்டும், அப்புறம்தான் விசாரிக்க வேண்டும். என் மாமியார் அந்த மரியாதையில் குறை வைக்காதவர். பாலவனத்தத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, வந்தவரைவிடச் சத்தமாக அழுதார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, எதற்கென்றே தெரியாமல் சேர்ந்துகொண்டார்கள்.

"யாருக்கு என்னாச்சு?" என்று ஆட்டுக்கயிறும் கையுமாக மாமனார் வந்து நின்றார்.

அழுகை பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அப்ப அந்தப் பேனரு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எந்தப் பேனரு?" என்று மாமனார் கேட்டு முடிக்குமுன் செல்வி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

திக்கித் திணறி விவரம் சொன்னேன். "தம்பி, காதுல போனு இல்ல, கண்ணாடி இல்ல, வெள்ளையில தனியா ஒரு ஆளு. நாங்க என்னன்னு நெனைக்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"மறக்க மாட்டோம்னு உசுரோட இருக்க மாமனாருக்கு எந்த மருமகன் எழுதுவான்? போனப்புறந்தான எழுதுவாக" என்றார் அந்த அம்மா.

மாமியார் இப்போதுதான் நிஜமாக அழுதார். "நல்ல காரியம் பேச வந்த வாசல்ல ஒப்பாரி வச்சாச்சே." ஜன்னலில் கலாவின் முகம் வாடிப்போயிருந்தது. அந்த நேரம் எனக்கு வந்த வெட்கத்துக்கு, பேனரில் இருக்க வேண்டியது என் படம்தான்.

வேனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளைப் பையன். அடக்கிப் பார்த்து முடியாமல் இறங்கி வந்தான். அவன் அம்மாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. "அழாதீக மதினி. சாவுச் சேதி பொய்யா வந்தா ஆயுசு கூடும்பாக. நம்ம சம்மந்திக்கு இனி ஒரு குறையும் வராது" என்றார். சம்மந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட ஓடினார். பழத்தட்டு இறங்கியது. மாலையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே வைத்ததும் ஆடு அந்தக் கவலையைத் தீர்த்தது.

அன்று சாயங்காலம் மாமனார் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிழித்து எறியப் போகிறார் என்று பின்னாலேயே போனேன். பேனருக்கு எதிரில் நின்று அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார்.

"தோளுன்னு போட்டிருக்கீகளே, அந்த மெஷினு இறக்குனதையா?"

"ஆமா மாமா."

"அது என்ன பெரிய வேல." மறுபடி ஒருமுறை படித்தார்.

"கழட்டிரவா மாமா?"

"ரெண்டு நாளு கெடக்கட்டும். காதுல மட்டும் ஒரு போனு ஒட்டி விடுங்க."

ஒட்டினேன். ஒட்டுப்போட்ட அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு, லாரி டிரைவருக்கு, பிரசவம் பார்த்த நர்சம்மாவுக்கு என்று நன்றி பேனர் கேட்டுக் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நன்றிக்குரியவர் என்ன செய்தார் என்று கேட்டாலே படம் தானாக வருகிறது, சிங்கம் தேவைப்படுவதில்லை. கலாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கள் வீட்டில் யாராவது வாய்தவறி நன்றி சொல்லிவிட்டால், மாமனார் உடனே கையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, இருக்கேன்ப்பா, சொல்லு" என்கிறார்.