மாலத்தீவுக்கு வேப்பம்பட்டு வழியா

போன திங்கக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்துல இருந்து என் பொண்டாட்டி தேவியைக் கூட்டிக்கிட்டு மாலத்தீவுல ஒரு ரிசார்ட்டுக்குப் போய்ச் சேரணும்.

கல்யாணமாகி பத்து வருஷம் ஆச்சு. எங்க ஹனிமூன் குத்தாலத்துல நடந்தது. நான், தேவி, எங்க அப்பா அம்மா, சித்தப்பா குடும்பம், ஒரு வேன், ஒரு அண்டா புளிசாதம். அன்னையில இருந்து தேவி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருந்தா. "கடலுக்கு நடுவுல ஒரு ரூம். கீழ கண்ணாடி. குனிஞ்சா மீன் தெரியணும். கூட நீங்க மட்டும் இருக்கணும், உங்க சித்தப்பா இருக்கக் கூடாது."

இந்த வருஷம் சரின்னு புக் பண்ணிட்டேன்.

தனித் தீவு. மொத்தத் தீவுக்கும் ஒரே ரிசார்ட்டு. மாலே ஏர்போர்ட்ல இறங்கினா, தண்ணியில மிதக்குற ஒரு குட்டி விமானத்துல ஏத்திக் கூட்டிட்டுப் போவாங்களாம். அங்கிருந்து மெயில் வந்துச்சு. குட்டி விமானம் வெளிச்சத்துலதான் பறக்கும், சாயங்காலம் நாலு மணிக்குள்ள எங்க கவுன்ட்டருக்கு வந்துடுங்க, தவறினா ராத்திரி ஏர்போர்ட் பக்கத்துல தங்கிட்டு மறுநாள்தான் வர முடியும்.

எங்களுக்கு இருந்ததே ரெண்டு ராத்திரி! அதுல ஒண்ணு போச்சுன்னா, அந்தக் கண்ணாடியைத் திறந்து தேவி என்னை மீனுக்குப் போட்டுருவா.

ஆனா நான் பயப்படல. ஏன்னா ஆபீஸ்ல என் வேலையே பிளானிங்தான்.

எக்செல் ஷீட் திறந்தேன். வீட்ல இருந்து ஏர்போர்ட், ஏர்போர்ட்ல இருந்து மாலே, மாலேல இருந்து தீவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர். மழை வந்தா என்ன, வண்டி பஞ்சர் ஆனா என்ன, எல்லாத்துக்கும் பதில் எழுதி வச்சேன். குட்டி விமானத்துல எடை பாப்பாங்கன்னு தேவியோட செருப்பைக்கூட ஜோடி ஜோடியா தராசுல வச்சேன்.

"என்னங்க, இது ஹனிமூனா, ஆடிட்டா?"ன்னு கேட்டா.

"நீ பேசாம இரு. பிளான்னா இப்படித்தான்"னேன். இந்த டயலாக்கை ஞாபகம் வச்சு இன்னும் திட்டிக்கிட்டு இருக்கா.

ஞாயித்துக்கிழமை காலையில என் மாமனார் வந்தார். பக்கத்துத் தெருதான். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நல்ல நேரம் பாக்காம டீக்கடைக்குக்கூட வாசப்படி தாண்டாத மனுஷன். வந்ததும் நேரா போய் தினசரி காலண்டரைக் கிழிச்சார்.

"மாப்ள, நாளிக்கு எத்தினி மணிக்கு ஊட்ட வுட்டு கெளம்புறீங்கோ?"

"எட்டு மணிக்கு மாமா."

"இன்னா மாப்ள! திங்கக்கெழம ஏழரைலேர்ந்து ஒம்போது ராகு காலம். பொண்ண இட்டுகினு கடல் மேல பறக்கப் போறீங்கோ. வெளையாட்டா கீதா? ஒரு ஏழு மணிக்கு கெளம்பிடுங்கோ."

இங்கதான் நான் தலையாட்டியிருக்கணும். ஆட்டல.

"முடியாது மாமா. ஷீட்ல எட்டுன்னு போட்டாச்சு. ஒண்ணை மாத்தினா எல்லாம் மாறும்."

மாமனார் என்னைப் பாவமா பாத்தார். "அப்ப ஒண்ணு பண்லாம். பரஸ்தானம் வச்சிரலாம்."

அதாவது, நல்ல நேரத்துல நம்ம சாமான் ஏதாவது ஒண்ணை வாசல் தாண்டி வேற ஒருத்தர் வீட்ல கொண்டுபோய் வச்சிட்டா, நாம அப்பவே பயணம் கிளம்பிட்டதா கணக்கு. அப்புறம் எந்த நேரத்துல போனாலும் ராகு ஒண்ணும் கேக்க மாட்டார்.

"எத வெக்கட்டும் மாப்ள?"

நான் லேப்டாப்ல 'லக்கேஜ்' வரிசைக்குப் பச்சைக் கலர் அடிச்சிக்கிட்டிருந்தேன். தலையைத் தூக்காம சொன்னேன். "ஏதோ ஒண்ணை வைங்க மாமா."

மறுநாள் காலையில எட்டு மணி. பிளான்படி டாக்ஸி கேட்ல நின்னுச்சு. பெட்டியெல்லாம் டிக்கியில ஏறியாச்சு. வழியனுப்ப மாமனாரும் வந்து நின்னார். கடைசியா ஒருதடவை பாஸ்போர்ட் பாத்துக்கலாம்னு பையைத் தேடினேன்.

காணோம்!

"தேவி, அந்தச் சின்ன பச்சைப் பை எங்க?"

"டேபிள் மேலதானே வச்சிருந்தீங்க?"

டேபிள் மேல இல்ல. கட்டிலுக்கு அடியில இல்ல. ஃப்ரிட்ஜுக்குள்ளகூடப் பாத்தேன். வேர்த்து ஊத்துது. மாமனார் மட்டும் நிதானமா கேட்டார்.

"பச்சப் பையா? அது நேத்தே கெளம்பிடிச்சே மாப்ள."

"எங்க கிளம்புச்சு?"

"எதுத்த ஊட்டுக்கு. மல்லிகா கைல குட்தேன்."

"மாமா! அதுலதான் பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் இருக்கு!"

"தெரியுமே. முக்கியமான சாமானத்தான் வெக்கணும். பழைய துண்ட வச்சிட்டு கெளம்புனா சாமிய ஏமாத்துற மாரி ஆவாது?"

சரி, எதிர் வீடுதானே. ரெண்டு எட்டு. போய்ப் பாத்தா, இந்தாப் பெரிய பூட்டு!

மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டேன். ரிங் போச்சு. பூட்டின கதவுக்கு உள்ள இருந்து சாமிப் பாட்டு கேட்டுச்சு. அக்கா போனை வச்சிட்டுப் போயிருக்காங்க.

கீழ வாட்ச்மேன் சொன்னார். "மல்லிகாக்காவா? வேப்பம்பட்டுல அவங்க தங்கச்சி ஊட்ல காதுகுத்து சார். காலைலயே கெளம்பிப் போய்ட்டாங்கோ."

தேவியைப் பாத்தேன். திட்டுவான்னு நினைச்சேன். திட்டல. புதுசா வாங்கின தொப்பியைக் கையில பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"வண்டியில ஏறு"ன்னேன். மாமனாரும் ஏறிட்டார்.

"அண்ணே, வேப்பம்பட்டு போங்க."

டிரைவர் திரும்பிப் பாத்தார். "இன்னா அண்ணாத்தே, ஏர்போர்ட்டுன்னு போட்டுகினு வேப்பம்பட்டு சொல்றே? அது அந்தாண்ட, இது இந்தாண்ட!"

"பாஸ்போர்ட் அங்க இருக்குண்ணே."

"அங்க இன்னாத்துக்கு போச்சு?"

"ராகு காலம் நைனா"ன்னு மாமனார் சொன்னார். டிரைவருக்கு அது போதுமான பதிலா இருந்துச்சு. வண்டியை எடுத்துட்டார்.

என் ஷீட்ல பஞ்சருக்கு ஒரு வரிசை இருந்துச்சு. புயலுக்கு ஒரு வரிசை இருந்துச்சு. மாமனாருக்கு ஒரு வரிசை இல்ல.

ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்னு தாண்டி வேப்பம்பட்டு வந்தாச்சு. தங்கச்சி வீடு எங்கன்னு யாருக்கும் தெரியாது. மாமனார் ஜன்னலைத் திறந்து காதை நீட்டினார். "ரேடியோ செட் சத்தம் கேக்குது பாரு. அங்க வுடு!"

பந்தல், வாழைமரம், சீரியல் லைட். வாசல்ல நின்ன பொண்ணு மூணு பேர் மேலயும் பன்னீர் தெளிச்சுது. "வாங்க வாங்க, பந்தி போய்ட்டிருக்கு"ன்னு ஒருத்தர் என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் இலை முன்னாடி உக்கார வச்சிட்டார்.

"காது குத்துற குழந்தை எங்கங்க?"

"காதுகுத்தா? இது கிரகப்பிரவேசம்ங்க."

எழுந்து ஓடினேன். திரும்பிப் பாத்தா மாமனார் இலையில ரெண்டு இட்லி, சாம்பார்! "வெறும் வயித்தோட எழுந்துகினு போவக் கூடாது மாப்ள, ஊட்டுக்காரங்க மனசு கஷ்டப்படும்." இட்லியோட சேத்துத்தான் அவரைக் கிளப்ப முடிஞ்சுது.

அடுத்த தெருவுல சரியான வீடு. மல்லிகா அக்கா பட்டுப் புடவையில ஜம்முனு நின்னாங்க.

"அக்கா! அந்தப் பச்சைப் பை! வீட்டுச் சாவி குடுங்க!"

"சாவி எதுக்கு? தேவியோட நைனாதான் முக்கியமான பைன்னு சொன்னாரே. பூட்டுன ஊட்ல வுட்டுட்டு வர மனசு வர்ல. கையோட எட்த்துகினு வந்துட்டேன்."

அக்கா காலுல விழலாம்னு தோணுச்சு. "எங்கக்கா வச்சிருக்கீங்க?"

"அதோ, பத்திரமா."

பாத்தேன். சபையில சீர்த்தட்டு வரிசையா இருக்கு. ஆப்பிள் ஒரு தட்டு, வளையல் ஒரு தட்டு, பட்டுப்பாவாடை ஒரு தட்டு. நடுவுல ஒரு தட்டுல வாழைப்பழத்துக்குப் பக்கத்துல எங்க பை. சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, மேல ஒரு முழம் பூ!

பாய்ஞ்சு எடுக்கப் போனேன். ஒரு பெரியம்மா என் கையைப் பட்டுன்னு தட்டினாங்க.

"இன்னாப்பா நீ! சபைல வச்ச சீர, காது குத்தாம தொடலாமா?"

"அது சீர் இல்லம்மா, பாஸ்போர்ட்டு!"

"இன்னாவா இருந்தா இன்னா? தட்டுல வச்சாச்சுல்ல?"

வேற வழியில்ல, காது குத்தணும். ஆனா குழந்தை ஊசியைப் பாத்துட்டு மாமன் மடியில இருந்து மூணாவது தடவையா எழுந்து ஓடுது. ஆசாரி பொறுமையா வெத்தலை போட ஆரம்பிச்சிட்டார். தேவி என் பக்கம் திரும்பி, வண்டியில ஏறினதுல இருந்து முதல்தடவையா வாயைத் திறந்தா. "ஏதாவது பண்ணுங்க."

பண்ணேன். தேவியோட தொப்பியை மாட்டிக்கிட்டு, அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி குரங்கு மாதிரி குதிச்சேன். குழந்தை வாயைப் பிளந்து என்னையே பாத்துச்சு. அந்த நேரத்துல ஆசாரி ரெண்டு காதையும் முடிச்சிட்டார். குழந்தை வீல்னு கத்த, நான் அதைவிட சத்தமா "தேங்க்ஸ் பாப்பா!"ன்னு கத்திக்கிட்டே பையைப் பிடுங்கிக்கிட்டு ஓடினேன். அந்த வீடியோ இன்னும் எத்தனை போன்ல சுத்துதோ தெரியல.

மாமனார் வண்டியில ஏறல. "நீங்க போங்கோ மாப்ள, நான் டிரெயின்ல போய்க்கிறேன். மத்தியானம் பிரியாணி போடறாங்களாம்."

டிரைவர் திருவேற்காட்டுல புகுந்து வேலப்பன்சாவடிக்குக் கொண்டுவந்தார். அங்க காலேஜ் பஸ்ஸுங்க நகராம நிக்குது. "கவலப்படாத அண்ணாத்தே, பைபாஸ் ஏறிட்டா பறந்துடலாம்"னார். நான் பறக்க வேண்டியது வேற இடத்துல.

கவுன்ட்டர் மூடற நேரத்துல மூச்சிரைக்க ஏர்போர்ட்டுக்குள்ள ஓடினோம். பாஸ்போர்ட்டைத் திறந்த பொண்ணு விரல்ல ஒட்டின சந்தனத்தைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. "சார், ஓட வேண்டாம். ஃப்ளைட் ஒரு மணி நேரம் லேட்."

தேவி சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல. மனசுக்குள்ள ஷீட் ஓடுது. ஒரு மணி நேரம் லேட்டுன்னா நாலு மணிக்கு நாங்க அந்தக் கவுன்ட்டர்ல இருக்க மாட்டோம். அதை அவகிட்ட சொல்ல எனக்கு தைரியம் இல்ல. வானத்துல இருக்கற நேரம் பூரா வாட்சையே பாத்துக்கிட்டு வந்தேன்.

மாலேல இறங்கி, வரிசையில நின்னு, பெட்டியை எடுத்து வெளிய வரும்போது என் வாட்ச்ல நாலு இருபது. போச்சு. ஒரு ராத்திரி போச்சு.

"தேவி, மன்னிச்சிடு. கடைசி விமானம் போயிருக்கும்."

அவ தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டா. ரெண்டு பேரும் ரிசார்ட்டு கவுன்ட்டருக்கு நடந்தோம். அங்க இருந்த பையன் சிரிச்ச முகமா ஆளுக்கொரு ஜூஸ் நீட்டினான். "வாங்க, வாங்க. கரெக்டா வந்துட்டீங்க."

"நாலு மணி தாண்டிடுச்சே?"

அவன் சுவரைக் காட்டினான். கடிகாரத்துல நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. "உங்க வாட்ச்ல இந்தியா டைம் சார். எங்க ஊர் அரை மணி நேரம் பின்னாடி."

உண்மையில டிக்கெட்லயே இறங்குற நேரத்தை மாலே டைம்லதான் போட்டிருந்துச்சு. விமானக் கம்பெனிக்காரனுக்குக் கூட்டத் தெரியலன்னு நான்தான் ஷீட்ல அரை மணி நேரம் கூட்டித் திருத்தி, மஞ்சக் கலர் அடிச்சு வச்சிருந்தேன். அந்தக் கணக்குல அடுத்த ஃப்ளைட் நாலு மணிக்குள்ள போய்ச் சேராதுன்னுதான், அதுக்கு முந்தின இந்த ஃப்ளைட்டை எடுத்தேன்.

அத்தனை கலர் அடிச்ச பிளான்ல உருப்படியா எங்களைக் காப்பாத்தினது, நான் போட்ட அந்த ஒரு தப்புதான்.