பின்மனைக் கோட்டை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மகனும் உங்கள் மகளும் குடிவருவதற்காகத் தாங்கள் மாடிக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வாளியைக் கீழே வைக்கவும். பிள்ளைகள் எங்கள் பின்மனையில் வீடு கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்திலேயேதான் இருக்கப்போகிறார்கள். நடுவில் சின்னச் சிக்கல் ஒன்று வந்தது உண்மை. யாரோ தங்கள் காதில் போட்டிருப்பார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

இங்கே மண்ணுக்கடியில் பழங்காலக் கட்டடம் ஏதும் புதைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வீடு கட்ட அனுமதி தருவார்கள். அதற்காக அளவைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். தோண்டவே மாட்டாள், காந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு கோடு கோடாக மேலும் கீழும் நடப்பாள், அடியில் இரும்போ சுட்ட மண்ணோ இருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடுமாம். "சார், உங்க மேல இரும்பு ஏதாவது இருக்கா?" என்றாள். சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி, "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். கயிற்றின் நுனியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது, நான்தான் சும்மா இருக்கமாட்டேனே, மனையோரத்தில் நின்று ஒவ்வொரு கோட்டுக்கும் ஓரடி நகர்ந்து காலை முழுக்கப் பிடித்தேன், நடுவில் டீ குடிக்க மட்டும் ஐந்து நிமிடம் உள்ளே போனேன்.

மறுநாள் அவள் அலுவலகத்திலிருந்து, கருவி காட்டியதை வைத்து வரைந்த படம் வந்தது. மனையோரமாக நூல் பிடித்தாற்போல் நீளமான சுவர், நடுவே ஒரு வாசல். அனுமதியை நிறுத்திவிட்டார்கள். அப்போது நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டை, அதுவும் என் மனையில். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி நிற்கவைத்து, மன்னர் எந்த வழியாக வருவார், குதிரையை எங்கே கட்டுவார் என்றெல்லாம் விளக்கினேன். என் மனைவி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க நின்ன இடத்துலதான் சுவர் ஓடுது. வாசல்னு இருக்கறது நீங்க டீ குடிக்க வந்தப்போ விட்ட இடம். முட்டியில இரும்புத் தகடு வச்சது மறந்துபோச்சா?"

வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது சம்பந்தி, அதையும் கழற்றி மேஜைமேல் வைக்கவா முடியும்? வெட்கம் பிடுங்கித் தின்ன, நானே போன் போட்டுச் சொன்னேன். இன்று காலை மறுபடி அளந்தாள். என்னைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது, கருவியைப் பார்த்துவிட்டு, "சுவர் போயிடுச்சு சார்" என்றாள். இனி அனுமதி வந்துவிடும் என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேரக்குழந்தை பிறந்தால் பத்தடியில் அதன் சத்தம் கேட்கும். தாங்களும் வந்து பார்க்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பிள்ளைத்தாய்ச்சிக்கு எங்கள் மனமார்ந்த ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தப் பெண் புதுப் படத்தோடு வந்து நிற்கிறாள். "போன தடவை உங்க முட்டி இதை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு சார்" என்கிறாள். சுவர் இருந்த இடத்தில் வரிசையாக ஏழு பழங்காலச் சூளைகள். எட்டாவது எங்கள் சமையலறைக்கு அடியில் போகிறது. தோண்டி முடிக்க இரண்டு வருடமாம். தங்கள் மாடியில் மொத்தம் எத்தனை அறை என்று உடனே தெரிவிக்கவும். நாங்களும் வருகிறோம்.