பாடு வரும் என்று பிரசங்கம் வைத்தேன்

துன்பத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்பவனுக்கு இருக்கவே கூடாத தகுதி ஒன்று உண்டு: அதைப் பற்றி நிறையப் படித்திருப்பது. குருப்பட்டம் பெற்ற புதிதில் என்னிடம் அந்தத் தகுதி மூட்டை மூட்டையாக இருந்தது.

யுத்த காலம். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் மீனவர்களின் கத்தோலிக்கப் பங்கு ஒன்றுக்கு என்னை உதவிக் குருவாக அனுப்பினார்கள். நானோ நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன். எனக்கு மீன் என்றால் குழம்பில் கிடப்பது, அவ்வளவுதான். அங்கே கடலில் இறங்கத் தடை. மீறினால் நேவி சுடும். வள்ளங்கள் மாதக்கணக்காக மணலில் கிடக்க, வீடுகளில் அடுப்பு எரிவதே அபூர்வமாக இருந்தது.

பங்குத்தந்தை அருள் சுவாமி என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர் (சிரிப்பில் பத்து வயது இளையவர்). தவக்கால ஞாயிறு ஒன்றில் அவரிடம் கெஞ்சிக் கேட்டுப் பிரசங்கம் வைத்தேன். பொருள்: பாடுகள். யேசு பட்ட பாடு, நாங்கள் படும் பாடு.

"அன்பார்ந்தவர்களே, பயப்படாதீர்கள்! பாடு உங்களைத் தேடி வரும்! வரும்போது புறக்கணியாமல் இரு கையாலும் வாரி அணையுங்கள்!" என்று முழங்கினேன்.

சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எவ்வளவு பாடு வந்தாலும் ஏற்றுக்கொள்வீர்களா?"

"ஓம் சுவாமி!" கோயில் கூரை அதிர்ந்தது.

துன்பத்துக்கு இப்படி ஆலாய்ப் பறக்கும் சனத்தை நான் உயிர் கொடுத்த வேதசாட்சிகளின் சரித்திரத்தில்கூட வாசித்ததில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால், மீனவர் சூசை அண்ணை வள்ளத்து எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகிறார். பின்னால் அவர் மனைவி மரியம்மாக்கா, பொத்திப் பொத்தி வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஓடுகிறார்.

"சுவாமி, கிழக்காலையோ மேற்காலையோ எண்டு ஏதும் காட்டினதோ?" என்று கேட்டார் சூசை அண்ணை.

"எது அண்ணை?"

"பாடுதான். நீங்கள்தானே வருமெண்டனீங்கள்."

நான் முழித்தேன். அருள் சுவாமி என் காதில், "டேய், இங்கை பாடு எண்டால் வலையிலை படுற மீன்" என்றார்.

என் வாய்ப்பேச்சை நம்பி ஒரு மனுசன் நேவியின் துவக்குக்கு முன்னால் போகப் போகிறார்!

"ஐயோ அண்ணை, நான் சொன்னது துன்பத்தை!"

"துன்பமோ?" மரியம்மாக்கா போத்தலை இறக்கினார். "அது வருமெண்டு சொல்லவோ சுவாமி முக்கால் மணித்தியாலம் கத்தினனீங்கள்? எங்கடை வீட்டிலைதானே அது குடியிருக்குது!"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூசை அண்ணை மட்டும் சிரிக்கவில்லை, எஞ்சினையும் இறக்கவில்லை. "ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தானே. எது வருதெண்டு போய்ப் பாப்பம். பிள்ளையள் ரெண்டு நாளாப் பட்டினி."

நான் படித்த இறையியலில் ஒரு வரியாவது வரவேண்டுமே! அருள் சுவாமி பூசை உடுப்போடேயே கோயிலடி மணலில் கிடந்த வள்ளத்தின் விளிம்பில் ஏறிக் குந்தினார்.

"சூசை அண்ணை, உங்களை மாதிரி மீன்பிடிச்ச சீடர் இராயப்பரும் இராமுழுக்க வலை போட்டு வெறும் வலையோடை நிண்டவர்தானே?"

"ஓம். பிறகு ஆண்டவர் வலை நிறைய மீன் பட வலப்பக்கம் போடச் சொன்னவர் எல்லோ?" சூசை அண்ணை விடுவதாயில்லை.

"சொன்னவர். அப்ப நேவி இல்லை."

சூசை அண்ணையின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"ஆனா அண்ணை, அவையள் மீனோடை கரைக்கு வர முந்தியே ஆண்டவர் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைச்சிருந்தவர். கொண்டு வந்தாத்தான் சாப்பாடு எண்டு சொல்லேல்லை. வாங்கோ, சாப்பிடுங்கோ எண்டவர். குருமனையிலை எங்கள் ரெண்டு பேருக்கும் வைச்ச அரிசி கிடக்கு. இண்டைக்குக் கரையிலை நெருப்பை நாங்கள் மூட்டுவம்."

சூசை அண்ணை கடலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், எஞ்சினை மெல்ல மணலில் இறக்கினார். "அப்ப கஞ்சிக்குத் தேங்காய்?"

"உவர் துருவுவார்" என்று என்னைக் காட்டினார் அருள் சுவாமி. (துருவினேன். பாதி தேங்காய், பாதி விரல்.)

துன்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ மேதைகளின் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். வள்ளத்தின் விளிம்பில் குந்தியிருந்து, வேதத்தையும் விடாமல் அரிசியையும் மறக்காமல் அந்த மனுசன் சொன்னதற்குக் கிட்ட ஒன்றும் வரவில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

எனக்கு மிஞ்சியது ஒரு பட்டப்பெயர்: பாடு வருமென்று சொன்னதால் 'பாட்டுச் சுவாமி'. அது கடல் கடந்தும் போய்விட்டது. போன வருடம் கனடாவில் சூசை அண்ணையின் பேத்திக்குக் கல்யாணம். "எங்கடை பாட்டுச் சுவாமி வந்திருக்கிறார்" என்று யாரோ அறிவிக்க, கதை தெரியாத மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பாட்டுக்காரன் என்று நினைத்து என் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். எனக்குப் பாடவே வராது. மறுத்துப் பார்த்தேன், விடவில்லை. முன்வரிசையில் எண்பது தாண்டிய சூசை அண்ணை பொக்கை வாய் நிறையச் சிரித்தபடி கைதட்டிக்கொண்டிருந்தார். அவர் கைதட்ட உயிரோடு இருக்கிறார் என்பதற்காகவே இரண்டு வரி பாடினேன்.