ஹெல்மெட் அண்ணி கிளம்பிய கதை

புதுச்சேரி மாநிலத்திலேயே ஹெல்மெட்டை மிக அதிகம் பயன்படுத்தியவர் குருவிநத்தத்தில் எங்கள் எதிர்வீட்டு அண்ணிதான். இத்தனைக்கும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்த நாங்களோ, ஹெல்மெட் கட்டாயம் என்று அரசாங்கம் அறிவிக்கும்போதெல்லாம் அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தோம்.

அண்ணி அரசு வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். வயது வரம்பு முடிகிற வருடம். விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. ஆனால் அவர் புத்தகத்தைத் திறந்தால் போதும், மாமியாரின் மூக்குக்கண்ணாடி காணாமல் போகும், பிள்ளைகளுக்குப் பசிக்கும், பக்கத்து வீட்டுக்காரிக்குப் பேச ஆள் வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் ஒருநாள் கணவரோடு பாண்டிக்குப் போக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கணவர் உள்ளே சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடி முடிப்பதற்குள் அண்ணி கையிலிருந்த புத்தகத்தில் ஒரு பாடமே முடிந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? கிளம்புகிறவரைக் கூப்பிட்டாலோ, எங்கே என்று கேட்டாலோ, போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அந்த ஒரு சட்டத்தை மட்டும் எல்லோரும் மதிப்போம்.

மறுநாளிலிருந்து, கணவர் ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்து வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட் அண்ணி தலைக்கு மாறிவிடும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பொது அறிவுப் புத்தகம். மாமியார் எதற்கோ வாயைத் திறப்பார், ஹெல்மெட்டைப் பார்ப்பார், மூடிக்கொண்டு தானே வெங்காயம் நறுக்கப் போவார். மகளிர் குழுத் தலைவி கூட்டத்துக்குக் கூப்பிட வந்து, வந்த வழியே திரும்பினார். பனித்திட்டிலிருந்து வரும் மீன்கார அம்மா குரல் கொடுக்காமலே தெருவைக் கடந்துவிட, அன்று தெரு முழுக்க ரசம்தான். இவர் எங்கும் கிளம்பவே இல்லையே என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பழியை யார் ஏற்பது?

சித்திரை வெயிலில் ஒருநாள் மனசு கேட்காமல், வியர்க்கவில்லையா என்று மெதுவாக விசாரித்தேன்.

"வேர்க்குதுபா. ஆனா வேர்வ வந்து எங்கிட்ட எண்ண இருக்கா, சக்கர இருக்கான்னு கேக்கறதில்ல" என்றார்.

பரீட்சை நாளும் வந்தது. கணவர் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை; பஸ்ஸில் போகிறவருக்கு ஹெல்மெட் எதற்கு? அண்ணி வெறுந்தலையோடு வெளியே வந்தார். அங்கேதான் வினை. மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த தெரு, அந்தத் தலையைக் கண்டதும் உடைத்துக்கொண்டது. ஒருத்தி ஜாக்கெட் அளவு கேட்டாள். குழுத் தலைவி பின்னாலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். கடைசியில் மாமியாரே பழக்கதோஷத்தில், இன்னா கொழம்பு வெக்கறது, சொல்லிட்டுப் போ என்று குரல் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

சட்டப்படி அண்ணி திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்ப வேண்டும். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அடுத்த பஸ் பரீட்சை தொடங்கிய பிறகுதான் பாண்டி போய்ச் சேரும்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்று மாமியார் சொம்போடு ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது.

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் போன மழையிலயே கெளம்பிட்டேன் அத்த. அப்ப யாரும் கூப்டலயே" என்று சொல்லிக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகி ஓடினார். பஸ்ஸைப் பிடித்தார். வேலையையும் பிடித்தார்.

போன மாதம் ஒரு சான்றிதழுக்காக அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பெரியவரின் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்து, எதற்குக் கையெழுத்து என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் இருமினேன். செருமினேன். அண்ணி நிமிரவே இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, "இன்னாபா, இந்தம்மா ஏறெடுத்தே பாக்க மாட்டாங்களா?" என்றார்.

"பாக்க மாட்டாங்கண்ணா" என்றேன். "எங்க அண்ணி அவங்க."