நூல் அறுந்தால் பைப்பைத் திருத்து

ஜவுபருக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகவே வரும். வந்த பொய் பிறகு வீட்டை விட்டுப் போகாது, அதுதான் தொல்லை. அதற்குச் சோறு போட்டு, பாய் விரித்து, பெருநாளைக்கு உடுப்பும் எடுத்துக் கொடுத்து வளர்க்க வேண்டி வந்துவிடும்.

இந்த முறை அவர் வளர்த்தது நூலைப் பற்றிய பொய்.

கல்முனைக்குடியில் ஜவுபரின் வீடு என்று ஊரார் சொல்வது உண்மையில் அவருடைய மனைவி ஹாஜறாவின் வீடு. அந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணின் பேரில்தான் இருக்கும். மாப்பிள்ளை வந்து சேருகிறவர். போன வருடம் அந்த வீட்டு ஹோலுக்கு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. போர்வை தைக்கிற குயில்ட் மெசின். கட்டிலை விட நீளமான இரும்புச் சட்டம், தண்டவாளம் போல இரண்டு கம்பி, கம்பியின் மேல் அங்குமிங்கும் ஓடித் தைக்கிற தலை. மேலே மருதமுனைக் கைத்தறித் துண்டுகளை ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்து, பூவும் அலையுமாக ஒரே ஓட்டமாய்த் தைத்துவிடும். அது வந்த அன்றே சோபா வெறாந்தாவுக்குப் போனது. சோபாவில் படுத்து நியூஸ் பார்க்கிற ஜவுபரும் அதன் பின்னாலேயே போனார்.

"குயில்ட் எண்டு பேர் வச்சிரிக்கானுகள். சத்தத்தைக் கேட்டா காகம் மாதிரி இரிக்கி," என்பார்.

ஹாஜறா சிரிக்கமாட்டாள். அவளுக்கு ஓடர் இருந்தது. அறுகம்பேயில் வெளிநாட்டுக்காரர் தங்குகிற விடுதி ஒன்று எல்லா அறைக்கும் போர்வை கேட்டிருந்தது. ஏசியைப் போட்டு அறையைக் குளிரவைத்து, பிறகு குளிருது என்று போர்த்திக்கொண்டு படுப்பார்களாம். ஜவுபருக்கு இது விளங்கவேயில்லை. ஹாஜறாவுக்கு விளங்க வேண்டிய தேவையும் இல்லை. வெள்ளிக்கிழமை விடுதிக்கார அம்மா, நோனா என்பார்கள், வாகனத்தோடு வருவாள். பிடித்துக்கொண்டால் இனி அவர்களுடைய தையலெல்லாம் இவளுக்குத்தான். பிடிக்காவிட்டால் இதோடு சரி.

சனிக்கிழமை அவள் ஜவுபரைக் கூப்பிட்டாள்.

"மச்சான், இஞ்ச பஸாரில விக்கிற நூல் இந்த மெசின்ட வேகத்துக்கு ஈடு குடுக்காது. அக்கரைப்பற்றில கனகரெத்தினம் ஐயாட கடையில சொல்லி வச்சிரிக்கன். பெய்த்து எடுத்திட்டு வாங்க."

"ஓம் ஓம்."

சாய்ந்தமருது வரைக்கும் ஜவுபர் நேர்மையாகத்தான் போனார். கடற்கரையில் சொஃப்ட்போல் கிரிக்கெட் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கூட்டாளி முஸ்தாக் கையைக் காட்டினான். ஒரு ஓவர் பார்த்துவிட்டுப் போவோம் என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கிண்ணத்தைத் தூக்கிக் கொடுத்து முடிய, பின்னேர அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. இனி அக்கரைப்பற்றுக்கு யார் போவது? அதே நிறத்தில் நாலைந்து நூல் கட்டையை, முஸ்தாக்கையும் ஏற்றிக்கொண்டு போய், கல்முனை பஸாரிலேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கனகரெத்தினம் ஐயா சுகமா?" என்று கேட்டாள் ஹாஜறா.

"சுகம். உன்னைக் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"சுகமா எண்டு."

ஹாஜறா நூல் கட்டையை விரலால் உருட்டிப் பார்த்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த நாளே நூல் அறத் தொடங்கியது. மெசின் தலை ஒரு பூவின் பாதி வரைக்கும் ஓடும். டக். திரும்பக் கோத்தால் மற்றப் பாதி வரைக்கும் ஓடும். டக்.

"நூல் பிழையா இரிக்குமோ மச்சான்?"

ஜவுபர் மெசினுக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"நூலா? அக்கரைப்பற்று நூல் புள்ள. அதைக் குறை சொல்லப்படாது."

"அப்ப மெசின்லதான் பிழை."

"மெசின்லதான். சந்தேகமே இல்ல."

அப்படிச் சொன்ன வாயை மூடுவதற்குள் அவர் கையில் திருப்புளி வந்துவிட்டது. ஜவுபர் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவர். ஊரிலுள்ள சைக்கிளெல்லாம் அவர் கையால் ஒயில் குடிக்கும். சொந்த வீட்டுக் கேட்டின் பிணைச்சல் மட்டும் போன நோன்பிலிருந்து ஒயில் கேட்டு அழுதுகொண்டிருந்தது. இந்த மெசினைக் கழற்றித் துடைத்துத் தரச் சொல்லி ஹாஜறாவும் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாளைக்கு என்பார். அவருடைய நாளை வெகு தூரத்தில் இருந்தது. இப்போது ஒரேயடியாக வாசலுக்கு வந்து நின்றது.

முதலில் ஊசியை மாற்றினார். டக். நூலை இறுக்கிப் பிடிக்கிற திருகைத் தளர்த்தினார். டக். அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு அடைந்து கிடந்தது. தோண்டி எடுத்து, துடைத்து, ஒயில் விட்டார். மெசின் குயில் மாதிரியே கூவியது. ஜவுபருக்கே ஆச்சரியம். நூல் மட்டும் டக்.

"கொளுக்கியில முள்ளு எழும்பியிரிக்கும். அதுதான் நூலை வெட்டுது," என்று, மணல் ஒட்டிய நைஸ் மட்டத்தாளால் ஊசிக்கு அடியிலிருந்த கொளுக்கியைத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினார். பிறகு சட்டத்தின் கால் ஆடுகிறது என்று நாலு காலுக்கும் கட்டை வைத்து மட்டம் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஹாஜறா உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் மெதுவாகச் சொல்வாள்.

"மறுகாவும் அறுகுது மச்சான்."

மெசினில் திருத்த இனி ஒன்றும் இல்லை என்று ஆனபோது ஜவுபருக்கு வியர்த்தது. மிச்சமிருந்தது நூல் மட்டும்தான். அந்த நேரத்தில் ஹாஜறாதான் கைகொடுத்தாள்.

"குசினிப் பைப் ஒழுகுதே, அந்த ஈரம் காத்தில வந்து நூலை ஊறப்போடுதோ தெரியல்ல."

ஜவுபர் அவளை நன்றியோடு பார்த்தார்.

"இரிக்கும். கட்டாயம் இரிக்கும்."

அன்றைக்கே சமையலறைப் பைப்புக்குப் புது வாசர் போட்டார். டக்.

"கேட்டை இழுத்துச் சாத்துற அதிர்ச்சியா இரிக்குமோ?"

கேட்டின் பிணைச்சலை மாற்றி ஒயில் விட்டார். கேட் இப்போது காற்றுப் போலத் திறந்து காற்றுப் போல மூடியது. டக்.

"ஓட்டில இரிந்து தூசி கொட்டுதே மச்சான். தூசி பட்டா நூல் தேயுமாம். யூடியூப்பில ஒரு பொம்புளை சொன்னா."

அந்தப் பொம்புளை யாரென்று ஜவுபர் கேட்கவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் துஆச் செய்துகொண்டு ஏணியை எடுத்தார். ஒரு நூல் அறுவதற்கு உலகத்தில் இத்தனை காரணம் இருப்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கூரையில் நின்றவரை வீதியால் போன முஸ்தாக் கண்டுவிட்டான்.

"என்னடாப்பா மேல செய்யிறாய்?"

"ஹாஜறாட மெசின்ல நூல் அறுகுது."

முஸ்தாக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"நூல் அறுந்தா நூலையெல்லோ பாக்கிற. நீ ஏன் ஓட்டைத் தட்டுறாய்? என்ன நூல் அது, அண்டைக்கு மெச் முடிஞ்சு பஸாரில..."

"மெல்லக் கதை," என்றார் ஜவுபர் கூரையிலிருந்து. "மெல்லக் கதைடாப்பா."

உள்ளே மெசின் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு டக் என்றது.

புதன்கிழமை பின்னேரம் ஹாஜறா மெசினுக்குப் பக்கத்தில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நாளையண்டைக்கு, வெள்ளிக்கிழமை, நோனா வருவா. நான் என்ன சொல்ற? ஏலாத வேலைக்கு ஓம் எண்டு சொன்னவள் எண்டுதானே என்னை நினைப்பா."

பைப்புக்கும் கேட்டுக்கும் அசையாத ஜவுபரின் நெஞ்சு இதற்கு அசைந்துவிட்டது. இந்த ஓடரைப் பற்றி அவள் எத்தனை பேருக்கு ஆசையாகச் சொல்லியிருப்பாள். தானொரு கிண்ணத்தைப் பார்த்த பாவத்துக்கு அவள் பேர் போகப் பார்க்கிறதே. விடிந்ததும் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சாய்ந்தமருதில் தலையைத் திருப்பாமல், நேரே அக்கரைப்பற்றில் போய் இறங்கினார்.

கனகரெத்தினம் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கல்முனைக்குடி ஹாஜறாட நூல்..."

"அது சனிக்கிழமையே போயிட்டே தம்பி."

"போயிட்டா? ஆர் வந்து எடுத்த?"

"ஒருத்தரும் வரல்ல. கடை பூட்டுற நேரம் நான்தான் தங்கச்சிக்குக் கோல் எடுத்துக் கேட்டன். 'என்ட மாப்பிள்ளை உங்கட கடையில இருந்து நூலோட வந்து, இந்தா தேத்தண்ணி குடிக்கிறார்' எண்டு சொன்னா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. பிறகு கனநேரம் சிரிச்சா. 'பஸ்ஸில குடுத்து விடுங்க ஐயா' எண்டா. கொண்டக்டர்ர கையில குடுத்து விட்டன். கிடைச்சதெண்டும் சொன்னாவே." அவர் ஜவுபரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஆர் தம்பி?"

"தெரிஞ்ச ஆள்," என்றார் ஜவுபர்.

"அப்ப தங்கச்சியச் சுகம் கேட்டதாச் சொல்லுங்க."

நூல் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் ஊசி, திருகு, பஞ்சு, கொளுக்கி, பைப், கேட், கூரை? மோட்டார் சைக்கிள் ஓட ஓட ஜவுபருக்குக் கோபம் ஏறியது. ஒலுவில் தாண்டும்போது ஹாஜறாவுக்குச் சொல்ல வேண்டிய பேச்சைக் கட்டத் தொடங்கினார். "நல்ல நூலைக் கையில வச்சிக்கிட்டு என்னைக் கூரையில ஏத்தினாயே" என்று ஆரம்பிக்கலாம். அதற்கு அவள், "நல்ல நூல் ஏன் பஸ்ஸில வந்த?" என்று கேட்பாள். அது சரிவராது. நிந்தவூரில் வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தார். காரைதீவில் இன்னொரு விதமாக. எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் பேச்சு சுற்றி வந்து சாய்ந்தமருதுக் கடற்கரையில்தான் இறங்கியது.

வீட்டுக் கேட்டைத் தள்ளினார். சத்தமே வரவில்லை. அவ்வளவு நன்றாக ஒயில் விட்டிருந்தார்.

ஹோலில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. டக் இல்லை, தடங்கல் இல்லை. தலை கம்பியில் வழுக்கிப் போய் ஒரு பூவை முடித்து, அடுத்த பூவுக்குத் தானாகவே தாவியது. மேலே இருந்தது அவர் காணாத வேறொரு நூல் கட்டை. சுவரோரம் வாங்குப் பலகையின் மேல், தைத்து முடித்த போர்வைகள் மடித்து மடித்து அவர் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் கடைக்குப் போன பிறகு நல்ல நூல். அவர் வரும் நேரத்துக்குப் பஸார் நூல். வாரம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது.

ஹாஜறா திரும்பிப் பார்த்தாள். பதறவில்லை. மெசினை நிறுத்தினாள். நல்ல நூல் கட்டையைக் கழற்றி மடியில் வைத்தாள். பஸார் கட்டையை ஏற்றி, அவசரமில்லாமல் ஊசியில் கோத்தாள்.

"நேரத்தோட வந்திட்டீங்க மச்சான்."

"ஓம்."

"கடையில சனம் இல்லயா?"

"இல்ல."

அவள் மெசினை ஒரு சாண் ஓட்டினாள். டக்.

"பாருங்க," என்றாள். "இன்னும் அறுகுது."

ஜவுபர் நூலைப் பார்த்தார். போர்வை அடுக்கைப் பார்த்தார். அவள் மடியைப் பார்த்தார். ஒலுவிலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பேச்சுக்காக வாயைத் திறந்தார். ஹாஜறா அவர் கண்ணைப் பார்த்தபடி, அவர் சொல்லப் போவதைக் கேட்கப் பொறுமையோடு இருந்தாள். பேச்சு இங்கேயும் சாய்ந்தமருதுக் கடற்கரையில்தான் போய் இறங்கியது.

"குசினிச் சுவர் கறுத்துப் போய்க் கெடக்கிறதாலயோ தெரியல்ல," என்றாள் அவள்.

ஜவுபர் குசினிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். சுவர் பெரிய சுவர்தான்.

"என்ன கலர் அடிக்கிற?" என்று கேட்டார்.